இரத்தம் நின்றுபோன குடல்

குடல் முறுக்கு என்பது குடலின் ஒரு வளைவு தன்னைத் தாங்கும் சவ்வோடு சேர்ந்து சுழன்று, தன் பாதையையும் தனக்கு வரும் இரத்தக் குழாய்களையும் தானே நெரித்துக்கொள்ளும் நிலை. பாதை அடைபடுவதால் வயிறு உப்புகிறது, வாந்தி வருகிறது. அடைப்பு மட்டும் என்றால் மருத்துவர்களுக்குப் பெரும்பாலும் ஓரிரு நாள் அவகாசம் கிடைக்கும். இரத்த ஓட்டமும் நின்றுவிட்டால் அந்த அவகாசம் சில மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. இரத்தம் கிடைக்காத குடல் அழுகும். அழுகிய பகுதியை எந்த மருந்தாலும் மீட்க முடியாது, அறுத்து அகற்றத்தான் வேண்டும். வயிற்று வலி என்று வரும் நூற்றுக்கணக்கானவர்களில் இந்த ஒருவரைப் பிரித்தறிவது அறுவை மருத்துவத்தின் கடினமான வேலைகளில் ஒன்று.

வளர்ந்த ஒருவரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம், பெருங்குடல் சுமார் 1.5 மீட்டர். இத்தனை நீளமும் வயிற்றுக்குள் கட்டற்றுக் கிடப்பதில்லை. விசிறிபோல் விரிந்த ஒரு மெல்லிய இரட்டைச் சவ்வு சிறுகுடலை முதுகுப்பக்கச் சுவரோடு பிணைத்து வைத்திருக்கிறது. அந்த விசிறியின் விளிம்பு முழுக்கக் குடல் ஓடுகிறது. பிடியோ சுமார் 15 சென்டிமீட்டர்தான். முதுகெலும்புக்கு இடப்புறத்தில் தொடங்கி வலது இடுப்பு நோக்கிச் சாய்வாக இறங்கும் அந்த அடிப்பகுதி வழியாகத்தான் தமனி, சிரை, நிணநீர்க் குழாய், நரம்பு எல்லாம் குடலுக்குப் போகின்றன. அடி அகலமாக இருக்கும்வரை குடல் எவ்வளவு நெளிந்தாலும் சுழன்றுவிடாது. பிறவியிலேயே அடி குறுகிப்போனாலோ, பழைய அறுவையின் தழும்பு ஒரு வளைவைக் கட்டிப் பிடித்தாலோ, குடல் அளவுக்கு மீறி நீண்டுபோனாலோ சுழல்வதற்கு ஓர் அச்சு அமைந்துவிடும்.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஓய்வு நேரத்திலேயே ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் செரிமான உறுப்புகளுக்குச் செல்கிறது. சாப்பிட்ட பின் இன்னும் கூடும். வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து பிரியும் மேல் குடல் தமனி ஒன்றே சிறுகுடல் ஏறக்குறைய முழுவதற்கும், பெருங்குடலின் முற்பகுதிக்கும் இரத்தம் தருகிறது. எஞ்சிய பெருங்குடலுக்குக் கீழ் குடல் தமனி. ஒரே தமனியை இவ்வளவு நீளமான உறுப்பு நம்பியிருப்பதால், அதன் அடியில் விழும் ஒரு முறுக்கு மீட்டர் கணக்கான குடலைச் சாகடித்துவிடக் கூடும்.

முறுக்கு விழுந்ததும் முதலில் நசுங்குவது சிரை. அதன் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. தமனியில் அழுத்தம் அதிகம் என்பதால் அது இன்னும் இரத்தத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே வரும் இரத்தம் வெளியேற வழியில்லாமல் குடல்சுவர் வீங்கி, கருஞ்சிவப்பாகி, இரத்தம் கலந்த நீர் குடலுக்குள்ளும் வயிற்றறைக்குள்ளும் கசிகிறது. வீக்கம் கூடக்கூட முறுக்கு மேலும் இறுகி, கடைசியில் தமனியும் அடைபடுகிறது. இரு முனையும் மூடிய அந்த வளைவுக்குள் வாயுவும் நீரும் சேர்ந்து அழுத்தம் ஏறுவது தனிக் கேடு.

குடலின் உட்படலம் உடலிலேயே வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசுக்களில் ஒன்று. அதன் செல்கள் 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை மாறிவிடும். அந்த வேகத்துக்கு ஏற்ற ஆக்சிஜன் அதற்குத் தேவை, ஆகவே பஞ்சம் வந்தால் முதலில் மடிவதும் அதுதான். இரத்தம் அடியோடு நின்றால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே குடலுறிஞ்சிகளின் நுனி உதிரத் தொடங்குகிறது. ஏறத்தாழ 6 மணி நேரத்தில் சுவரின் முழுத் தடிமனும் மீள முடியாத நிலைக்குப் போய்விடலாம். பாதி அடைப்பாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். எவருக்கு எவ்வளவு நேரம் என்று வெளியிலிருந்து யாரும் கணித்துச் சொல்ல முடியாது.

உட்படலம் சிதைந்தபின் குடலுக்கும் உடலுக்கும் இடையில் வேலி கிடையாது. பெருங்குடல் மலத்தில் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி என்ற அளவில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஆரோக்கியமான சுவருக்குள் அடங்கியிருக்கும்வரை அவற்றால் நன்மையே. சுவர் செத்தால் அவையும் அவற்றின் நச்சும் இரத்தத்தில் கலந்து செப்சிஸ் உண்டாகிறது. இரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகமும் நுரையீரலும் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. ஓட்டை விழுந்தால் மலம் வயிற்றறையில் கொட்டும். இதற்கெல்லாம் முன்பே நீரிழப்பு தன் வேலையைக் காட்டிவிடும். குடித்த தண்ணீர், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர் எல்லாமாக நாளொன்றுக்கு 8, 9 லிட்டர் நீர் குடலுக்குள் வந்து, அநேகமாக முழுவதும் திரும்ப உறிஞ்சப்படுகிறது. அடைப்பு ஏற்பட்டால் அந்த நீர் குடலிலேயே தேங்கிவிடும். ஒரு சொட்டு இரத்தம் வெளியே சிந்தாமலே நோயாளியின் இரத்த ஓட்டம் வற்றிப்போவது அதனால்தான்.

முறுக்கு எல்லா வயதிலும் வரும் என்றாலும் மிகக் கொடியது பிறந்த குழந்தைக்கு வருவது. கருவின் ஆறாவது வாரத்தில், வேகமாக நீளும் குடலுக்கு வயிற்றில் இடம் போதாமல் அது தொப்புள்கொடிக்குள் புகுந்து வளர்கிறது. சுமார் பத்தாவது வாரத்தில் வயிற்றுக்குத் திரும்பி வருவதற்குள் மேல் குடல் தமனியை அச்சாக வைத்து இடஞ்சுழியாக 270 பாகை சுற்றி முடிக்கிறது. சிறுகுடலின் தொடக்கம் இடப்பக்க மேற்புறத்திலும், அது பெருங்குடலோடு சேரும் இடம் வலப்பக்கக் கீழ்ப்புறத்திலும் வந்து அமர்வது இந்தச் சுழற்சியால்தான். அந்த இரு முனைகளும் தள்ளித் தள்ளி நிற்பதாலேயே விசிறியின் பிடி அகலமாக இருக்கிறது. சுழற்சி பாதியில் நின்றுபோன குழந்தைக்கு இரு முனைகளும் அருகருகே வந்துவிடும். பிடி ஒரு காம்பாகக் குறுகிவிடும். முழுச் சிறுகுடலும் அந்தக் காம்பில் தொங்கும்.

இப்படிப்பட்ட அமைப்பு சுமார் 500 பிறப்புகளில் ஒன்றில் இருக்கக் கூடும் என்பது பாடநூல் கணக்கு. பலருக்கு வாழ்நாள் முழுதும் ஒன்றும் ஆவதில்லை. தொல்லை வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது பிறந்த முதல் மாதத்திலேயே வருகிறது, பச்சை வாந்தியாக. பால் குடித்த குழந்தை வெள்ளையாகக் கக்குவது சாதாரணம். பச்சை நிறம் என்பது பித்தநீர். பித்தநீர் சேரும் இடத்துக்குக் கீழே எங்கோ பாதை அடைபட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். வேறு காரணம் உறுதியாகும்வரை அதைக் குடல் முறுக்காகவே கருத வேண்டும் என்பது குழந்தை அறுவை மருத்துவத்தின் எழுதப்பட்ட விதி. தொடக்கத்தில் வயிறு உப்பாமல் மிருதுவாகவே இருக்கும், குழந்தையும் ஓரளவு தெளிவாகவே தெரியும். வயிறு வீங்கி, மலத்தில் இரத்தம் தெரியும்போது முறுக்கு வெகுதூரம் போயிருக்கும்.

இந்தக் குழந்தைகளுக்கான அறுவை முறையை வகுத்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் லாட். 1930களில் அவர் எழுதிய கட்டுரைகளில் சொன்ன முறை இன்றும் பெரிய மாற்றமில்லாமல் அவர் பெயராலேயே நடக்கிறது. முறுக்கு வலஞ்சுழியாக விழுந்திருக்கும் என்பதால் குடலை இடஞ்சுழியாகத் திருப்பி அவிழ்க்கிறார்கள். முன்சிறுகுடலின் மேல் குறுக்கே விழுந்து அழுத்தும் நார்ப்பட்டைகளை வெட்டுகிறார்கள். ஒட்டிக் குறுகிய அடியை விரித்து அகலப்படுத்தி, சிறுகுடல் முழுவதையும் வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைக்கிறார்கள். கரு வளர்ச்சி நிறைவேற்றாத சுழற்சியை லாட் நிறைவேற்ற முயலவில்லை. இயல்பான இடத்துக்குக் குடலைக் கொண்டுபோவதை விட்டு, இனி முறுக்கிக்கொள்ளாத இடத்தில் அதை வைத்தால் போதும் என்று அவர் கண்டதில்தான் இந்த முறையின் மேன்மை இருக்கிறது. இடம் மாறிய குடல்வால் பின்னாளில் வீங்கினால் யாருக்கும் பிடிபடாது என்பதால் அதையும் அப்போதே எடுத்துவிடுவது வழக்கம்.

பெரியவர்களுக்கு அதிகம் முறுக்கிக்கொள்வது பெருங்குடலின் கடைசி வளைவு. மலக்குடலுக்குச் சற்று முன்னால் 'எஸ்' எழுத்தைப்போல் வளைந்து கிடக்கும் இந்தப் பகுதிக்கு சிக்மாய்டு என்று பெயர். இந்தியா, பாகிஸ்தான், துருக்கி, ஈரான், கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாடுகள் ஆகியவற்றில் இது குடல் அடைப்பின் முக்கியக் காரணங்களில் ஒன்று. மேற்கு ஐரோப்பாவில் அரிது. நார்ச்சத்து மிகுந்த உணவால் பெருகும் மலம் இந்த வளைவை நீட்டிவிட்டு, அதன் அடியைக் குறுகலாகவே விட்டுவிடுகிறது என்பது பரவலான விளக்கம். மேலை நாடுகளில் இது முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும், நீண்டகாலம் மனநல மருந்து எடுப்பவர்களுக்கும், தீராத மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும் வருகிறது. பிரேசிலில் சாகஸ் நோய் பெருங்குடலின் நரம்புகளை அழித்து வீங்கவைப்பதால் வருகிறது. ஒரே முறுக்குக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு வழி. கர்ப்பிணிகளிடமும் இது ஏற்படுவதுண்டு. வளரும் கருப்பை நீண்ட வளைவை மேலே தள்ளுகிறது. வலியைப் பிரசவ வலி என்றும், வயிற்றுப் பெருக்கத்தைக் கர்ப்பத்தின் இயல்பு என்றும் நினைத்துவிடுவதால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து கூடுகிறது.

சிக்மாய்டு முறுக்கில் வயிறு மத்தளமாக உப்பும். மலமும் வாயுவும் அடியோடு நின்றுவிடும். வாந்தி பிந்தித்தான் வரும். எக்ஸ்ரே படத்தில் இடுப்பிலிருந்து எழுந்து வயிற்றையே நிரப்பும் ஒரு பெரிய வாயு வளைவு, நடுவே ஒரு கோட்டோடு, காப்பிக் கொட்டை வடிவில் தெரியும். பல நேரங்களில் இந்த ஒரு படத்திலேயே நோய் உறுதியாகிவிடும். கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் ஏட்டிலேயே இந்த நோயின் குறிப்பு இருப்பதாக மருத்துவ வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள்: குடல் தானாகத் திரும்பும், இல்லையேல் அழுகும். 1947இல் நார்வே நாட்டு மருத்துவர் ப்ரூஸ்கார்ட், ஆசனவாய் வழியாக நோக்குக் குழாயைச் செலுத்தி வாயுவை வெளியேற்றியே பெரும்பாலோரின் முறுக்கை அவிழ்க்க முடியும் என்று தம் நோயாளிகளின் பதிவுகளைக்கொண்டு காட்டினார். இன்று வளையும் உள்நோக்கியால் அதே வேலை நடக்கிறது. குழாய் முறுக்கைத் தாண்டியதும் வாயுவும் மலமும் பீறிட்டு வர, வயிறு கண்ணெதிரே வற்றும்.

அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். வலி போய்விட்டது என்று வீட்டுக்குப் போனால், நீண்ட வளைவும் குறுகிய அடியும் அப்படியேதான் இருக்கின்றன. பாதிக்கும் மேற்பட்டோருக்கு முறுக்கு மறுபடி வருகிறது. அடுத்த முறை அழுகலோடு வரலாம். உடல் தாங்கும் நிலையில் இருந்தால் அதே முறை மருத்துவமனையில் இருக்கும்போதே நீண்ட வளைவை அகற்றிவிடுவதே சரியான சிகிச்சை. உள்நோக்கியில் பார்க்கும்போதே உட்படலம் கறுத்தோ இரத்தம் கசிந்தோ தெரிந்தால் அவிழ்க்க முயலக் கூடாது, நேரே அறுவை அரங்கத்துக்குப் போக வேண்டும்.

முறுக்கு இல்லாமலும் குடல் நெரிபடும். தமிழ்நாட்டில் ஹெர்னியா என்றும் குடலிறக்கம் என்றும் மக்கள் சொல்லும் நோயில், தொடையிடுக்கிலோ தொப்புளிலோ உள்ள இடைவெளி வழியாகக் குடல் புடைத்து வரும். படுத்தால் உள்ளே போய்விடும் புடைப்பு ஒருநாள் போகாமல் நின்று, கல்லாக இறுகி, வலியெடுத்தால் அதன் கழுத்தில் குடல் நெரிபடுகிறது என்று பொருள். அதை அழுத்தி உள்ளே தள்ளப் பார்ப்பது ஆபத்து. செத்த குடலே வயிற்றுக்குள் போய்விடலாம். வயதான மெலிந்த பெண்களுக்குத் தொடை மடிப்புக்குக் கீழே வரும் சிறு புடைப்பு, கூச்சத்தால் சொல்லாமலும், மருத்துவர் பார்க்காமலும் தப்பிவிடுகிறது. அந்த வகையில் நெரிபடும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம். குடல் சுவரின் ஒரு ஓரம் மட்டும் சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது பாதை திறந்தே இருப்பதால் மலமும் வாயுவும் போய்க்கொண்டிருக்கும், சிக்கிய ஓரம் அழுகிக்கொண்டிருக்கும். ஹெர்னியாவுக்குத் திட்டமிட்டுச் செய்யும் அறுவை எளியது. வலி இல்லையே என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்படும் அதே ஹெர்னியா நெரிந்தபின் செய்யப்படும் அறுவை உயிருக்கே பந்தயம்.

முன்பு வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு உள்ளே உருவாகும் ஒட்டுத்தழும்புகள் மற்றொரு பெருங்காரணம். ஒரு நார் இழை போதும், அதன் அடியில் நுழைந்த குடல் வளைவு திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும். இந்தியாவில் குடல் காசநோய் உண்டாக்கும் சுருக்கங்களும் அடைப்பில் கணிசமான இடம் பெறுகின்றன. கைக்குழந்தைகளிடம், பெரும்பாலும் 5 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடையில், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்வது உண்டு. விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை வயிற்றோடு மடக்கி, பிறகு இரத்தமும் சளியும் கலந்த மலம் போகும் குழந்தைக்கு இதைச் சந்தேகிக்க வேண்டும். காலத்தோடு வந்தால் அறுவை இல்லாமலே, ஆசனவாய் வழியாகக் காற்றையோ நீரையோ அழுத்திச் செலுத்திச் சரிசெய்துவிடுகிறார்கள்.

குடல் இருந்த இடத்தில் அசையாமல் இருக்க, இரத்தக் குழாய் மட்டும் அடைபட்டு அழுகல் வருவதுதான் இந்த நோய்களில் மிகவும் ஏமாற்றுவது. இதயத்தின் மேலறை சீரற்றுத் துடிப்பவர்களுக்கும், வாதக்காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கியவர்களுக்கும் இதயத்துக்குள் இரத்தம் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் என்பது பலருக்கும் தெரியும். அதே கட்டி மேல் குடல் தமனிக்குள் போனால் குடல் செத்துவிடும் என்பது அவ்வளவாகத் தெரியாது. தமனியின் வாயில் கொழுப்பு படிந்து படிப்படியாக அடைபடுபவர்களுக்குப் பல மாதம் முன்பிருந்தே, சாப்பிட்ட அரைமணி ஒரு மணி நேரத்தில் வயிறு வலிக்கும். வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்து மெலிந்துபோவார்கள். சிரையில் இரத்தம் உறைவது மூன்றாவது வகை. ஈரல் சுருக்கம், புற்றுநோய், இரத்தம் எளிதில் உறையும் பரம்பரைக் குறை ஆகியவை அதன் பின்னணி. கொரோனா காலத்தில் குடல் இரத்தக் குழாய்களில் உறைவு ஏற்பட்டு அழுகியவர்களைப் பற்றியும் பல நாடுகளிலிருந்து பதிவுகள் வந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரத்த அழுத்தம் வெகுவாகச் சரிந்தவர்களுக்கு எந்த அடைப்பும் இல்லாமலே குழாய்கள் சுருங்கிக் குடல் வாடுவதும் உண்டு.

தமனி திடீரென அடைபட்டவர் வலியில் துடிப்பார். மருத்துவர் கை வைத்துப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கும். வலிக்கும் வயிற்றுக்கும் பொருந்தாத இந்த முரண்தான் நோயின் முதல் அடையாளம். ஏனெனில் உட்படலம் மடியும் கட்டத்தில் வெளிச்சுவரும் வயிற்று உறையும் இன்னும் பாதிக்கப்படவில்லை. தொட்டால் வலிக்கும் பலகைபோன்ற வயிறு வருவது சுவர் முழுவதும் செத்தபின். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று இந்த நேரத்தில் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புவதைவிடப் பெரிய பிழை இல்லை. பல மருத்துவமனைகளின் பதிவுகளில் இந்நோய் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். நோயின் கொடுமை ஒரு பங்கு, கண்டுபிடிக்கத் தாமதமானது மறு பங்கு.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. அலையலையாக வந்து போன வலி விடாத வலியாக மாறினால் குடல் நெரிபடுகிறது என்று அர்த்தம்; விடாத வலி திடீரென்று குறைந்தால் குடல் செத்தோ ஓட்டையாகியோ இருக்கலாம். நோயாளி சற்றுத் தெளிந்ததுபோல் பேசுவார், வீட்டார் நிம்மதி அடைவார்கள், நாடியோ வேகமெடுத்துக்கொண்டே இருக்கும். முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே மங்கலாக இருப்பதால் குழப்பம் மட்டுமோ, மூச்சு வாங்குவது மட்டுமோ வெளியே தெரியலாம்.

வயிற்று வலி என்றதும் வாய்வு என்று முடிவுகட்டிச் சோடா குடிப்பதும், ஓமத் தண்ணீர், விளக்கெண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதும் தமிழ் வீடுகளின் பழக்கம். சாதாரண வயிற்று உபாதைக்கு ஓமத் தண்ணீரால் கேடில்லை. அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுப்பது, மூடிய கதவை நோக்கிக் குடலை இன்னும் பலமாகத் தள்ளவைப்பது. குழந்தை வாந்தியெடுத்து அழுதால் குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் தடவி வயிற்றைத் தட்டுவதும், உரம் விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டுவதும், தொக்கம் எடுப்பதும் இன்றும் நடக்கின்றன. தானாகத் தேறும் குழந்தைகள் பலர் என்பதால் இந்த வைத்தியங்களுக்குப் பெயர் நிலைத்திருக்கிறது. பச்சை வாந்தி எடுக்கும் குழந்தை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை. அதன் வயிற்றை அழுத்துவதும் குலுக்குவதும் நேரத்தைத் தின்பதோடு நேரடியாகவும் தீங்கு செய்யும். வாந்தி, உப்புசம், மலமும் வாயுவும் போகாத நிலை, விடாத வலி ஆகியவை சேர்ந்து வந்தால் வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், 108 ஆம்புலன்ஸையோ கிடைத்த வண்டியையோ பிடித்து, அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும்.

அங்கே முதலில் நடப்பது அறுவை அல்ல, அறுவைக்கான தயாரிப்பு. இரண்டு கைகளிலும் சிரை வழியாக உப்புநீர் ஏற்றுவார்கள். 1912இல் ஹார்ட்வெல், ஹோகெட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், குடல் அடைக்கப்பட்ட நாய்களுக்கு உப்புநீர் செலுத்தினால் அவை கூடுதல் நாள் வாழ்வதைக் கண்டறிந்ததிலிருந்து இது சிகிச்சையின் அடித்தளமாகிவிட்டது. மூக்கு வழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் டியூப் போட்டுத் தேங்கிய நீரை வெளியேற்றுவார்கள். குழாய் மூலம் உறிஞ்சி எடுத்தால் அடைப்பு நோயாளிகளின் சாவு வெகுவாகக் குறையும் என்று 1930களில் நிறுவியவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஓவன் வாங்கன்ஸ்டீன். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் உடனே தொடங்கிவிடும். வலிக்கு மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய அச்சம் இன்று இல்லை; மருத்துவமனைக் கண்காணிப்பில் கொடுப்பதால் கேடு வருவதில்லை.

குழந்தைக்கு அல்ட்ராசவுண்டில் குடல் தமனியைச் சுற்றிச் சிரையும் சவ்வும் சுழியாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் படமருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். பெரியவர்களுக்குப் படமருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேனே தீர்ப்பு சொல்கிறது. சுழன்ற சவ்வு, படமருந்து ஏறாத குடல்சுவர், சுவருக்குள் புகுந்த வாயு, தமனிக்குள் நிற்கும் கட்டி எல்லாம் அதில் தெரியும். இரத்தத்தில் லாக்டேட் அளவு ஏறியிருந்தால் திசு மடிவதற்கு ஒரு சான்று. ஏறவில்லை என்பதால் குடல் நலமாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. தொடக்க மணிகளில் அது இயல்பாகவே இருக்கலாம். குடல் அடைப்பில் அறுவை செய்யாமல் ஒரு நாளின் சூரியன் உதித்து மறைய விடக்கூடாது என்பது அறுவை மருத்துவர்கள் தலைமுறையாகச் சொல்லி வரும் வாக்கு. ஒட்டுத்தழும்பால் வரும் சாதாரண அடைப்பில் இன்று பொறுத்துப் பார்க்கிறார்கள். நெரிபட்ட குடலில் அந்த வாக்கு அப்படியே செல்லும்.

வயிற்றைத் திறந்ததும் அறுவை மருத்துவர் முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் குடல் பிழைக்குமா? இளஞ்சிவப்பாக, பளபளப்பாக, தொட்டால் சுருங்கி நெளிந்து, சவ்வில் நாடி துடித்தால் அது உயிருள்ள குடல். கறுத்து, மங்கி, தளர்ந்து, நாற்றமெடுத்தால் செத்தது. நடுவில் ஊதா நிறத்தில் நிற்கும் குடலுக்குத்தான் பொறுமை வேண்டும். முறுக்கை அவிழ்த்து, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் மூடி, நோயாளிக்கு முழு ஆக்சிஜன் கொடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருப்பார்கள். நிறம் திரும்பினால் விட்டுவிடலாம். இரத்த ஓட்டத்தை ஒளிரவைத்துக் காட்டும் பச்சைச் சாயமும் இப்போது பெரிய மருத்துவமனைகளில் உதவுகிறது. முற்றிலும் கறுத்த வளைவை மட்டும் அவிழ்க்காமலே இறுக்கிப் பிடித்து வெட்டுவது முறை. அவிழ்த்தால் அதில் தேங்கிய நச்சும் பொட்டாசியமும் ஒரே அடியாக இதயத்தை நோக்கிப் பாயும்.

தமனியில் கட்டி நின்றால் குடலை வெட்டுமுன் தமனியைத் திறக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபோகார்ட்டி 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய, நுனியில் சிறு பலூன் கொண்ட குழாயைக் கட்டியைத் தாண்டிச் செலுத்தி, பலூனை ஊதி, கட்டியோடு வெளியே இழுப்பார்கள். சில மையங்களில் தொடைத் தமனி வழியாகவே இதைச் செய்கிறார்கள். எது பிழைக்கும் என்று முழுமையாகத் தெரியாவிட்டால், உறுதியாகச் செத்ததை மட்டும் நீக்கிவிட்டு 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி வயிற்றைத் திறந்து பார்ப்பார்கள். இரண்டாம் முறையா என்று உறவினர்கள் கலங்குவார்கள். ஒவ்வொரு சாண் குடலும் பின்னால் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் என்பதால் இந்தத் தயக்கம் அறிவார்ந்த தயக்கம்.

வெட்டிய முனைகளை உடனே தைத்து இணைப்பது நோயாளியின் நிலையைப் பொறுத்தது. இரத்த அழுத்தம் நிலையில்லாமல், வயிற்றறையில் சீழ் பரவியிருந்தால் தையல் பிடிக்காது. அப்போது மேல் முனையை வயிற்றின் தோலுக்கு வெளியே கொண்டுவந்து பை வைப்பார்கள். சிக்மாய்டு அழுகலில் இப்படிச் செய்யும் முறை 1921இல் அதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஹென்றி ஹார்ட்மன் பெயரால் வழங்குகிறது. பெரும்பாலோருக்கு இந்தப் பை சில மாதங்களுக்கு மட்டும். உடல் தேறியபின் மற்றோர் அறுவையில் குடலை உள்ளே இணைத்துவிடலாம். பையோடு வேலைக்குப் போவதற்கும் பயணம் செய்வதற்கும் தடை எதுவும் இல்லை, அதைப் பராமரிக்கக் கற்றுக்கொள்ளச் சில நாள் போதும்.

பெருங்குடலில் ஒரு பகுதி போனால் உடல் எளிதில் பழகிக்கொள்ளும். சிறுகுடலில் பாதி போனாலும் மீதி ஈடுகட்டிவிடுவது உண்டு. எஞ்சியது 2 மீட்டருக்கும் குறைந்தால் சத்தும் நீரும் போதிய அளவு உறிஞ்சப்படாமல் ஓயாத பேதியும் மெலிவும் வரும். எந்தப் பகுதி போனது என்பதும் முக்கியம். பி12 வைட்டமினும் பித்த உப்புகளும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகின்றன. அதை இழந்தவர்களுக்கு வாழ்நாள் முழுதும் பி12 ஊசி தேவைப்படும். 1960கள் வரை சிறுகுடல் முழுதும் இழந்தவர் பட்டினியால் இறப்பதே விதி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் முதலில் நாய்க்குட்டிகளுக்கும் பிறகு குடல் அமையாமல் பிறந்த ஒரு குழந்தைக்கும் சர்க்கரை, புரதக் கூறுகள், உப்புகள் அனைத்தையும் பெருஞ்சிரை வழியாகவே செலுத்தி வளர்க்க முடியும் என்று அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் காட்டினார்கள். அது வந்தபின் குடல் இழந்தும் பல்லாண்டு வாழ்வது சாத்தியமாயிற்று. செலவு மிகுதி, சிரைக்குழாயில் தொற்று, ஈரல் பாதிப்பு என்று தொல்லைகளும் கூடவே வருகின்றன. அவற்றைத் தாங்க முடியாதவர்களுக்குக் குடல் மாற்று அறுவை உண்டு. சென்னையிலும் அது நடந்திருக்கிறது. மற்ற உறுப்புகளைவிட மாற்றுக் குடலை உடல் நிராகரிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் மருந்தும் கண்காணிப்பும் கடுமையாக இருக்கும்.

முறுக்கிலிருந்து மீண்டவரின் வயிற்றில் இனி ஒட்டுத்தழும்புகள் இருக்கும். எத்தனை ஆண்டு கழித்தானாலும் வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால், பழைய அறுவைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உறைகட்டியால் குடல் இழந்தவர்களுக்கு இதயத்தைப் பரிசோதித்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை ஆரம்பிப்பார்கள். உடல்நலம் திரும்பிவிட்டது என்று அந்த மருந்தைத் தாமாக நிறுத்துபவர்களுக்கு இரண்டாவது கட்டி மூளைக்கும் போகலாம், எஞ்சிய குடலுக்கும் போகலாம்.